கிடா கொடுத்த உத்தரவு

கேட்கக் கூடாததைக் கேட்டுப் புருஷனைச் சாகவிட்டவள். ஒல்லாந்தர் காலத்துப் பழவேற்காட்டில் கோட்டைக்குப்பத்து இருசம்மாளைப் பற்றி ஊர் பேசியது இவ்வளவுதான். அநியாயமான பேச்சு.

ஏரியில் வலை இழுத்தபோது அவள் புருஷன் துளசிங்கத்தின் காலைத் திருக்கை முள் கிழித்துவிட்டது. இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை. நின்றபோது ஆள் வெளுத்துக் கிடந்தான். கப்பலில் வந்திருந்த ஒல்லாந்து வைத்தியர் ஒருவர் வந்து பார்த்தார். அவர் பேச்சைத் துபாஷி சாலமன் தமிழில் சொன்னான்.

“ஆட்டு ரத்தத்தக் குழாய் வச்சி இவரு கையில ஏத்துனா பொழைக்கலாம்னு சொல்றாரும்மா.”

“இதுக்கு முன்னாடி யாருக்கு ஏத்துனாராம்?”

“அவரு கையால இதான் மொதல் தடவையாம். சீமையில யாரோ செஞ்சதப் பாத்தாராம்.”

இருசம்மாளுக்குப் பயம்தான். ஆனால் ஆசை அதைவிடப் பெரிது. வீட்டுக் கிடாவையே அவிழ்த்து வந்தாள். வைத்தியர் கத்தியை எடுத்ததும், “இருங்க சாமி” என்று அதன் தலையில் தண்ணீர் தெளித்தாள். அம்மனுக்கே ஆனாலும், ஆடு உடம்பைச் சிலுப்பி உத்தரவு கொடுக்காமல் அங்கே யாரும் கத்தி வைப்பதில்லை. வைத்தியருக்குச் சிரிப்பு வந்தது. கிடா சிலுப்பியது.

“உத்தரவு குடுத்துடுச்சு” என்றான் சாலமன். வைத்தியர் துளசிங்கத்தின் கையைப் பிடித்து நரம்பைத் தேடினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆட்டைக் கேட்டாயிற்று, இவனை யாருமே கேட்கவில்லை. குனிந்து விஷயத்தைச் சொன்னாள். “இன்னா மாமா சொல்ற?” சரியென்று சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

“எனக்கு இன்னா ஆகும்னு அவருக்குத் தெரியுமா?” என்றான் துளசிங்கம்.

வைத்தியர் பொய் சொல்லவில்லை. செய்து பார்த்தால்தான் தெரியும் என்றார்.

“அப்ப வேணாம் இருசி.”

பாதி மயக்கத்தில் இருப்பவன் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம், நீ சொன்னால் போதும் என்றார் வைத்தியர். சரி என்ற சொல் அவள் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

“கேட்டுட்டு மீறுனா, கேட்டதுக்கு இன்னா அர்த்தம் சாமி?”

அதிலிருந்து மூன்றாம் நாள் துளசிங்கம் போய்விட்டான். ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பானா? எனக்குத் தெரியாது. ஊருக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

இருசம்மாள் கருவாடு விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். அந்தக் கிடாவை வெட்ட யாருக்கும் கொடுக்கவில்லை. மழையில் நனைந்து அது உடம்பைச் சிலுப்பும்போதெல்லாம், கூடையைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே கத்துவாள்: “உன்ன இப்ப யார்றா கேட்டா?”