இடுப்பில் பெட்டி கட்டிய இரண்டு நாட்கள்

மூச்சு வாங்குகிறது என்று நான் வீட்டில் சொல்லத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியும் என் கணவரிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது: "கேஸா இருக்கும்மா." கேஸ் இல்லையென்றால் எடை. எடை குறைய மாலையில் காலனியை நாலு சுற்று நடக்கச் சொன்னார். நடந்தேன். இரண்டாவது சுற்றிலேயே நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பிக்கும். யார் வீட்டு கேட்டையாவது பிடித்துக்கொண்டு, அவர்கள் செடியைப் பார்ப்பவள் போல நிற்பேன்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்களுக்கு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கூடுவாஞ்சேரியில் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்திலும் வகுப்பு மாடியில்தான். "இன்னா டீச்சர், இப்டி மூச்சு வாங்கிக்கினு வர்றீங்க, யாரு துரத்தினா?" என்று ஆயாம்மா கேட்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டின் ஒரு வரியை முழுதாகப் பாட முடியாமல், பாதிக்கு மேல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். சலித்துப் போய்த்தான் டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா எடுத்த இ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. "படபடப்பு வர்ற நேரத்துல பிடிச்சாதான் தெரியும்" என்று சொல்லி, நெஞ்சில் நாலைந்து ஒயர்களை ஒட்டி, இடுப்பில் சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டார். ஒரு நாள் முழுக்க அது இதயத் துடிப்பைப் பதிவு செய்யும். தினமும் செய்வதைச் செய்ய வேண்டும், எத்தனை மணிக்கு என்ன செய்தேன் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானை நாங்கள் அழகாகக் கெடுத்தோம். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் என்றால் முதல் நாளே சுவரைக் கழுவி, பிள்ளைகளைக் கைகட்டி உட்கார வைத்தே பழகியவள் நான். லீவு போட்டேன். ஒயர் கழன்றுவிடும் என்று கணவர் என்னை அடுப்படிக்கே விடவில்லை. அவரே சோறு வைத்தார், துணி காயப்போட்டார், கீழிருந்து தண்ணீர் கேன் தூக்கி வந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் பகலெல்லாம் படுத்திருந்தது அன்றைக்குத்தான். தாளில் எழுத ஒன்றுமே இல்லை.

ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் கணவர், சந்தோஷமாக. இனி நான் சொல்வதை யார் நம்புவார்கள்?

டாக்டரம்மா வெறும் தாளைத் திருப்பிப் பார்த்தார். "ரெஸ்ட் எடுக்க யாரும்மா சொன்னது? மறுபடி கட்டிக்குங்க. இந்தத் தடவை வேலைக்குப் போங்க."

போனேன். மறுநாள் பெட்டியைக் கழற்றிய பிறகு, டாக்டரம்மா கம்ப்யூட்டரில் பெட்டியின் பதிவைப் பார்த்துக்கொண்டே என் கணவரிடம் அந்தத் தாளை நீட்டி, நேரத்தோடு வாசிக்கச் சொன்னார்.

அவர் வாசித்தார். "நாலே முக்கால், எழுந்தேன். அஞ்சேகால், தண்ணி கேன், ரெண்டாவது மாடியில கீழே வச்சேன். ஏழே கால், ஸ்டேஷன் மேம்பாலம், பாதியில கம்பியைப் பிடிச்சு நின்னேன். எட்டரை, ஸ்கூல் மாடி, படபடப்பு." ஒவ்வொரு நேரத்துக்கும் டாக்டரம்மா "ம்" என்றார். "ஆறு மணி, வாக்கிங்" என்ற வரி வந்தபோது கணவரின் குரல் இறங்கிவிட்டது. அதன் எதிரே நான் எழுதியிருந்ததை அவர் வாசிக்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது, தெருவில் உட்கார்ந்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன்.

துடிப்பின் தாளம் தப்புகிறது, மாத்திரை வேண்டும், ரத்தம் உறையாமலிருக்கவும் ஒரு மாத்திரை என்றார் டாக்டரம்மா. வியாதி என்று கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. நோய் உறுதியானதற்கு ஒருத்தி சந்தோஷப்பட வேண்டியிருந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது. வாயால் இரண்டு வருடம் சொன்னதைக் கேட்காதவர், ஒயர் சொன்னதும் கேட்டார்.

மாத்திரை உடம்பை அடித்துப் போட்டதுபோல் அசதியாக்குகிறது. படபடப்பு குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. நடப்பதை விடக் கூடாது, மெதுவாக நட, பேச முடியாமல் மூச்சு வாங்கினால் உடனே உட்கார் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. அதனால் இப்போது கணவரும் கூட நடக்கிறார். பத்து வீட்டுக்கு ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து, "மூச்சு வாங்குதா?" என்கிறார்.

சில நாள் வாங்காது. ஆனாலும் "வாங்குது" என்று சொல்லி உட்கார்ந்துகொள்கிறேன்.