பூந்தொட்டிக்குப் பின்னால் இருந்த பலகை

என் கணவர் ஆட்டோவுக்குள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒருவனைச் சபித்துக்கொண்டிருந்தேன். ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்ல வந்தவள் இப்படியா தொடங்குவாள் என்று நினைக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. பூதலூர் பக்கத்தில் ஒரு கிராமம். இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் நடவு நட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் நாலு வயல் தாண்டிக் கேட்கும், அப்படி ஒரு குரலை ஆண்டவர் எனக்குக் கொடுத்திருக்கிறார்.

கொரோனா இரண்டாம் அலை வந்த வைகாசி மாதம். குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். என் கணவருக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். ஆறாம் நாள் காலை எழுந்து உட்காரவே முடியவில்லை. பக்கத்து வீட்டு செல்வம் அண்ணன்தான் ஆட்டோ ஓட்டினார். அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, மரத்தடியில் கூட ஆட்கள் படுத்திருந்தார்கள். தஞ்சாவூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று எங்கள் ஃபாதர் கேட்டுக்கொண்டார். அவருக்காக விடுகிறேன்.

என்னிடம் அரசு காப்பீட்டு அட்டை இருந்தது. கொரோனாவுக்கும் அட்டை செல்லும், தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ஊருக்குள் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து சொன்னார்கள். நான் நம்பிப் போனேன்.

காப்பீட்டுக் கவுண்டரில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அட்டையைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"கொரோனாவுக்கெல்லாம் கார்டு கெடையாதும்மா. அட்வான்ஸ் கட்டுறதுன்னா சொல்லுங்க."

"கெவர்மெண்டுல சொல்லிருக்காங்களே சார்."

"அங்கயே போய்க் கேளுங்க. அடுத்த ஆளு!"

எனக்குப் பின்னால் ஆறேழு குடும்பங்கள் அதே அட்டையை வைத்துக்கொண்டு நின்றன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆட்டோவிலிருந்து செல்வம் அண்ணன் ஓடி வந்தார். "தங்கச்சி, ஒதடு நீலமாவுது, சீக்கிரம் ஏதாவது பண்ணு" என்றார்.

என்ன பண்ணுவேன்? வயிறு எரிந்தது. அப்போது நான் செய்த ஜெபம் இதுதான். "ஆண்டவரே, இவனும் ஒரு நாள் ஒரு கார்டுக்காக யார் முன்னாலாவது கைகட்டி நிக்கணும். அதை நான் என் கண்ணால பாக்கணும்." என் புருஷனைக் காப்பாற்று என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வயிறு எரிந்தால் மண்ணை வாரித் தூற்றுவோம். அதற்கு மேல் சாபம் கிடையாது. சாமி கும்பிடுகிறவர்கள், மாதாவைக் கும்பிடுகிறவர்கள் என்ற வித்தியாசமெல்லாம் அதில் இல்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வாசல் முழுக்க டைல்ஸ். பிடி மண் கிடைக்காத இடம். சுவரோரம் பூந்தொட்டிகள் இரண்டு வரிசையாக இருந்தன. முன் தொட்டியில் கையை விட்டேன். யாரோ அப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். சேறு. சேற்றைத் தூற்ற முடியாது, பொலபொலவென்று உதிர்கிற மண் வேண்டும். தண்ணீர் எட்டாத பின்வரிசைத் தொட்டிக்காக உடம்பை வளைத்துக் கையை நீட்டினேன். ஒரு பிடி அள்ளினேன். அப்போது புறங்கை தகரத்தில் இடித்தது.

தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு பலகை, எழுத்துப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். இழுத்துத் திருப்பினேன். அரசு காப்பீட்டு அட்டை உள்ளவர்களுக்கு இங்கே கொரோனா சிகிச்சை இலவசம், மறுத்தால் இந்த எண்ணுக்குப் புகார் சொல்லலாம் என்று போட்டிருந்தது. கீழே போன் நம்பர்.

அந்தத் தொட்டிக்கு அன்று காலை தண்ணீர் ஊற்றியவர் யாரோ எனக்குத் தெரியாது. ஆண்டவர் அனுப்பிய ஆள் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

பலகையைத் தூக்கிக் கவுண்டர் முன்னால் நிறுத்தி, நடவு வயலில் கூப்பிடுகிற குரலில் முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படித்தேன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். வாய் மூடி நின்ற குடும்பங்களெல்லாம் சேர்ந்து கத்தின. செல்வம் அண்ணன் அந்த நம்பருக்குப் போட்டார். பேசிய அதிகாரி போனைக் கவுண்டரில் கொடுக்கச் சொன்னார். அவன் எழுந்து நின்று, "சரிங்க சார், சரிங்க சார்" என்றான். கொஞ்ச நேரத்தில் என் கணவர் மூக்கில் ஆக்ஸிஜன் ஏறியது. அட்டையோடு நின்ற மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம்தான் பார்த்தேன், என் இடது கை இன்னும் மூடியே இருந்தது. தூற்றாத மண் அதற்குள் இருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பதினோரு நாள் கழித்து அவர் நடந்து வீட்டுக்கு வந்தார். ஆண்டவருக்கே நன்றி. ஆனால் நான் அத்தோடு விடவில்லை. புகார் எழுதிப் போட்டேன். விசாரணை வந்தது. கவுண்டரில் இருந்தவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கேள்விப்பட்ட அன்று மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினேன். சந்தோஷத்தில்தான்.

அதிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். எந்த மதமானாலும் வரலாம். அந்தப் பலகையில் இருந்ததைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

போன வருடம் ஒருவன் வந்தான். அம்மாவுக்கு இருதய ஆபரேஷன், அட்டை இல்லை என்றான். முகம் அடையாளம் தெரியவில்லை. ஆனால் எங்கோ கேட்ட குரலாகக் காதில் இடித்தது.

"கர்ச்சீப் வச்சிருக்கீங்களா? வாயில கட்டுங்க" என்றேன்.

கட்டினான். அதே கண். அவனுக்கும் என்னைத் தெரிந்துவிட்டது.

"அடுத்த ஆளு" என்றேன்.

எல்லோரும் எழுதி வாங்கிக்கொண்டு போகும்வரை நின்றான். கடைசியில் சுவரைக் காட்டினேன். "படிங்க. சத்தமா."

படித்தான். "பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கல" என்றேன். பின்னால் ஒருவரும் இல்லை. மறுபடி படித்தான். பாதியில் நிறுத்திவிட்டு என் முன்னால் கைகட்டி நின்றான்.

"மேல சொன்னாங்க, செஞ்சேங்க்கா. எங்கம்மாவ மட்டும் பழி வாங்கிடாதீங்க."

எழுதிக் கொடுத்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன். அந்த அம்மாவுக்கு அட்டையிலேயே ஆபரேஷன் நடந்தது. நல்லா இருக்கட்டும். ஆனால் அவன் கைகட்டி நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் இனிக்கிறது. மன்னித்துவிட்டாயா என்று ஃபாதர் கேட்கிறார். பொய் சாட்சி சொல்ல மாட்டேன் ஃபாதர் என்றேன்.

அந்த மண் ஒரு டப்பாவில் இருக்கிறது. கடலில் கொட்டிவிடலாம் என்று வேளாங்கண்ணிக்கு இரண்டு முறை எடுத்துப் போனேன். இரண்டு முறையும் திருப்பிக் கொண்டு வந்துவிட்டேன். மூன்றாவது முறை கொட்ட வேண்டும் என்று எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

நீங்களும் ஆண்டவரை நம்புங்கள். அன்பு இருந்தால் அன்போடு கேளுங்கள், இல்லாவிட்டால் கோபத்தோடாவது கேளுங்கள். அவர் காதைப் பொத்திக்கொள்கிறவர் இல்லை. ஆஸ்பத்திரியில் அட்டை செல்லாது என்று யாராவது சொன்னால் அழாதீர்கள். முதலில் பூந்தொட்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.