பன்னிரண்டாம் நம்பர் ஸ்டிக்கர்

செக்கிங் ஹாலில் காலை டீ வந்த நேரத்தில்தான் பூங்கொடி அக்காவின் தங்கை போன் செய்தாள். "அக்கா போயிட்டாளுங்க" என்றாள். அத்தோடு லைன் கட்டாகிவிட்டது. இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் என் பக்கத்திலேயே நின்று அழுதீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. ராணுவத்தில் இருக்கும் அக்காவின் கணவர் ஊருக்கு வந்து என்னிடம் என்ன கேட்பாரோ என்ற பயம்தான் வந்தது.

நல்லூர் பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் ஒரே மேஜையில் எதிரெதிரே நின்றோம். பழுது இருக்கிறதா என்று பார்த்து முடித்த பனியனில் அவரவர் நம்பர் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அக்கா பன்னிரண்டு, நான் ஏழு. பழுது இருந்தால் அந்த இடத்தில் அம்பு ஸ்டிக்கர். நான் ஒரு ஊசி ஓட்டையைக் கண்டும் காணாமல் விட்டபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சின்னதா இருக்கறப்பவே அம்பு ஒட்டீரு கண்ணு. ஒருக்கா தொவைச்சா பொளந்துக்கும்."

கணவர் சென்னியப்பன் மாமா பனிமலையில் காவல். போன் கிடைப்பதே அபூர்வம். மாதம் ஒரு பார்சல் போகும்: இரண்டு பனியன், பருப்புப் பொடி, கடலை உருண்டை. எல்லாவற்றையும் பனியன் துணியில் வைத்துத் தைத்து, மேலே விலாசம் எழுதுவார். இழுத்தால் விலாசமே நீளுகிறது என்று தபால்காரர் திட்டுவார், அக்கா சிரிப்பார். அனுப்பும் பனியனிலும் பன்னிரண்டை ஒட்டுவார். அந்த நம்பர் இருந்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம் என மாமாவிடம் சொல்லியிருந்தார். அவரும் அந்த ஸ்டிக்கர்களை ஒன்றுவிடாமல் தன் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருக்கிறாராம்.

போன வருஷம் படியேறினாலே அக்காவுக்கு மூச்சு வாங்கியது. இதயத்தில் வால்வு பழுது என்றார்கள். மாமாவிடம் சொல்லிவிடலாம் என்றேன். "பனியில நிக்கற மனுசனுக்குப் பயத்தையுமா பார்சல் கட்டறது? அடுத்த லீவுல வரட்டும், நானே சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கினார். அந்த வாரமே நாலு பார்சல் துணியில் மாமாவின் விலாசம் எழுதி என்னிடம் கொடுத்தார். எதற்கு நாலு என்று நான் கேட்கவில்லை.

அதில் மூன்றாவது துணியில் பார்சல் கட்டும்போது அக்கா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நானே பனியனைப் பார்த்தேன், கைப்பழக்கத்தில் என் ஏழாம் நம்பரை ஒட்டிவிட்டேன். தைத்து முடிக்கப் போகும்போதுதான் கவனித்தேன். அப்படியே விட்டிருந்தால் மாமாவுக்கு ஏதோ சரியில்லை என்று புரிந்திருக்கும். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சத்தியம் பெரிதாகத் தெரிந்தது. ஏழாம் நம்பரை உரித்துவிட்டு அக்காவின் பன்னிரண்டை ஒட்டினேன்.

மாமா வந்து சேர்ந்தபோது காரியமே முடிந்திருந்தது. பையிலிருந்து அந்தப் பனியனை எடுத்துக் காட்டினார். "போன மாசம் லீவு கெடச்சுதுங்க. இதுல பன்னெண்டு இருந்துச்சு. நல்லாத்தான் இருக்கறாள்னு லீவைக் கூட இருந்தவனுக்கு உட்டுக் குடுத்துட்டனுங்க."

அந்தப் பன்னிரண்டை ஒட்டியது நான்தான் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அக்காவை அறிந்த உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அக்கா எழுதிய நாலாவது துணி என்னிடம் இருக்கிறது. உரித்த ஏழாம் நம்பரை அதன் மூலையில் ஒட்டி வைத்திருக்கிறேன். விலாசம் சரியாகத்தான் இருக்கிறது. மாமாவுக்கு அனுப்பத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.