அலமாரியின் வலது கதவு

"ஞாயித்துக்கெழம லோரியோட வர்றேன், அலமாரிய தயாரா வச்சிரு" என்று அண்ணி போன் செய்தது ஒரு புதன்கிழமை. அன்றைக்கு மத்தியானம்தான் அந்த அலமாரியின் வலது கதவு வெடித்திருந்தது. நான் "சரிங்க அண்ணி" என்றேன்.

அண்ணி என் கணவரின் அக்கா. எங்கள் மலைக்குக் கீழே, ஈப்போ டவுனில் இருக்கிறார். அலமாரி என் மாமியாருடையது. அவர் சாவதற்கு முன்னால் எங்கள் எல்லாரையும் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்து, "அலமாரி மகளுக்கு" என்று தெளிவாகச் சொன்னார். அண்ணி அப்போது நான்காவது மாடியில் வாடகைக்கு இருந்தார். ஏற்ற முடியாது என்று எங்களிடமே விட்டுவைத்தார். இரண்டு வருடம் ஓடிவிட்டது, இப்போதுதான் அவர் தரைவீட்டுக்கு மாறியிருந்தார். போனில் பேசும்போதெல்லாம், "என் அலமாரி எப்படி இருக்கு? உன் சாமானோட சாமானா கலந்துடாத லா" என்று சிரிப்பார். அவர் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிடுவார். நான் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அவர் அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் எஸ்டேட் வீட்டில் நடக்க வழியில்லாமல் பழைய மரச்சாமான்கள்தான் நிற்கின்றன. துரை பங்களாவைக் காலி செய்தபோது மழையில் வீசிப் போட்ட சாய்வு நாற்காலி ஒன்று. பழைய ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி உட்கார்ந்து, வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போட்ட மேசை ஒன்று. கியா பார்ம் ஊர்ப் பக்கத்தில் ஒரு காய்கறிக் கடையில் முட்டைக்கோஸ் அடுக்கி வைத்திருந்த பெஞ்சு ஒன்று. அந்தப் பெஞ்சைக் குனிந்து பார்த்தேன், ஓர் ஆணிகூட இல்லாமல் மரத்தை மரத்துக்குள் விட்டுச் சேர்த்திருந்தார்கள். எங்கள் பிளாஸ்டிக் மேசையைக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு அதைத் தூக்கி வந்தேன். நான் படிவம் இரண்டோடு, பதினாலு வயசில் பள்ளிக்கூடத்தை விட்டவள். பழைய மரத்தைச் சீர்செய்யும் இந்த வேலையை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். அதுவரைக்கும் கெடுத்ததெல்லாம் என்னுடைய சாமான்.

அலமாரியைப் புதுப்பிக்கும் வேலையை நான்தான் கேட்டு வாங்கினேன். தீபாவளிக்குத் தீபாவளி ஜன்னலுக்கு அடித்த பெயிண்டில் மிச்சம் இருப்பதை மாமியார் அலமாரிக்கு அடித்துவிடுவார். லயத்தில் பாதி வீட்டில் இப்படித்தான். பச்சைக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் பால் நிறம். ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தபோது அடியில் தேக்கு தெரிந்தது. "நீங்க கொண்டு போறதுக்குள்ள நான் நல்லா பண்ணித் தர்றேன் அண்ணி" என்றேன்.

"பண்ணேன். உனக்குத்தான் கையி சும்மா இருக்காதே."

வலது கதவின் நடுப்பலகை சட்டத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தது. வயசாகித் தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். சட்டத்தின் பள்ளம் முழுக்க மரப்பசையை விட்டு அசையாமல் இறுக்கினேன். பிறகு பெயிண்ட் உரிக்கும் மருந்து போட்டு, தண்ணீர் விட்டுக் கழுவினேன். அதற்கப்புறம் மூன்று வாரம் வெயில் இல்லை. கதவைத் திறந்தால் மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மரம் கையில் சில்லென்று, ஈரமாகவே இருந்தது.

எங்கள் பக்கத்தில் துணி காயாவிட்டால் பிள்ளைகளின் பள்ளி உடுப்பை தேயிலை ஆலைக்குக் கொண்டுபோய் ஓரமாகத் தொங்கவிடுவார்கள். எனக்கு அந்த ஆலையில்தான் வேலை. நீளத் தொட்டியில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை விட்டு வாட்டுவது. பதினெட்டு வருடமாக ஈர இலையை வாட்டுகிறேன், ஒரு பலகையை வாட்ட முடியாதா என்று தோன்றிவிட்டது. அந்தப் புதன்கிழமை கொழுந்து குறைவு. ஒரு தொட்டி காலியாகக் கிடந்தது. கதவை அதன் மேல் படுக்க வைத்துக் காற்றைத் திறந்தேன்.

ஆலைக் கிராணி அந்தப் பக்கம் வந்தவர் நின்றார். "என்னம்மா, இன்னைக்கி கதவா? அரைச்சி பாக்கெட்டு போட்டுருவோமா?"

"ஒரு ரெண்டு மணி நேரம்தான் கிராணி."

"பெரிய தொர பாத்தா என்னையும் சேத்து வாட்டிடுவாரு, சீக்கிரம் எடு."

இரண்டு மணி நேரம் ஆகவில்லை. காற்றாடிச் சத்தத்தையும் தாண்டி ஒரு சத்தம் கேட்டது. மட்டையைக் காலில் வைத்து முறித்த மாதிரி. ஓடிப்போய்ப் பார்த்தேன். பலகை மேலிருந்து கீழ்வரைக்கும் பிளந்திருந்தது. பிளவுக்குள் என் நகம் போனது. கதவும் முறுக்கிக்கொண்டு, ஒரு மூலை தொட்டியை விட்டுக் கட்டைவிரல் உயரம் எழும்பியிருந்தது. கொழுந்துச் சாக்கைச் சுற்றி வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அரை மணி நேரத்தில் அண்ணியின் போன்.

கணவர் எஸ்டேட் லோரி ஓட்டுகிறார். வந்ததும் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "புட்டி பூசி கருப்பா வார்னிஷ் அடி. அக்காவுக்குக் கண்ணாடி இல்லாம எதுவும் தெரியாது" என்றார்.

"நான் வேணும்னே பண்ணேன்னு நெனச்சாங்கன்னா?"

"நீ சொன்னாத்தான நெனைக்கும்."

அவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நான் கதவைச் சாக்கால் மூடினேன். அலமாரி தனக்கு வேண்டும் என்று ஆசை, கிடைக்காது என்றதும் உடைத்துவிட்டாள் என்று அண்ணி சொல்வது என் காதிலேயே கேட்டது. ஆசை இருந்தது என்பதும் உண்மை. அதனால்தான் அவ்வளவு பயம்.

வியாழக்கிழமை அண்ணி வாட்சாப்பில், "பண்ணி முடிச்சிட்டியா? ஒரு படம் அனுப்பு" என்று எழுதியிருந்தார். நான் அலமாரியை ஒரு பக்கமாகத் திருப்பி, இடது கதவு மட்டும் விழும்படி படம் எடுத்து அனுப்பினேன். "அழகு" என்று பதில் வந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

முறுக்கு எடுக்க ஒரு வழி எனக்குத் தெரியும். குழிந்த பக்கத்தில் ஈரச் சாக்கு, மேடான மூலைகளில் பாரம். கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்தேன். இவ்வளவு நாள் நான் திட்டிய மூடுபனி அந்த இரண்டு நாளும் எனக்காக வேலை செய்தது. சனிக்கிழமை மத்தியானம் கதவு மேசையில் படிந்து உட்கார்ந்தது. பிளவும் முடி அளவுக்கு ஒடுங்கிவிட்டது. மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பூசி, தேய்த்து, வார்னிஷ் அடித்தேன். பிளந்த இடத்தை நானே தேட வேண்டியிருந்தது.

கதவை மாட்டும்போதுதான் இடது கதவைச் சரியாகப் பார்த்தேன். அதன் பலகைக்கு நான் பசை வைக்கவே இல்லை. கையால் தள்ளினால் சட்டத்துக்குள் அசைந்தது. நான் உரிக்காமல் விட்ட உட்பக்கத்தில், ஓரமாகப் பெயிண்டே படாத வெறும் மரம் ஒரு நீளக் கோடாகத் தெரிந்தது. பலகை வெயில் நாளில் சுருங்கி வெளியே வந்திருக்கிறது, பனி நாளில் ஊதி உள்ளே போயிருக்கிறது. போய் வரத்தான் அந்தத் தச்சர் இடம் விட்டிருக்கிறார். அதை நான் தளர்ச்சி என்று நினைத்து, போக வழியில்லாமல் ஒட்டிவிட்டேன். அதனால்தான் வெடித்தது.

ஸ்குரூவை முடுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. இந்த அலமாரி போகப் போவது ஈப்போ வெயிலுக்கு. பிறந்ததிலிருந்து பனியைக் குடித்த மரம், அங்கே போய்க் காயும். இடது பலகை தன் பாட்டுக்குச் சுருங்கிக்கொள்ளும். வலது பலகை நான் பூசிய இடத்திலேயே மறுபடியும் பிளக்கும். இரண்டு வாரமோ, ஒரு மாதமோ. அண்ணி அன்றைக்குப் புட்டியையும் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் லோரி வந்துவிட்டது. அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து அலமாரியின் மேல் கையை வைத்தார். மேலிருந்து கீழே தடவினார். "அம்மா இருந்தா இதுக்கு மேலயும் பெயிண்டு அடிச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே திரும்பி நின்றார். கணவர் பின்னாலிருந்து எனக்குக் கண்ணைக் காட்டினார். பேசாதே என்று அர்த்தம். நான் டீ போடப் போனேன். சீனி போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டேன்.

நான்கு பேர் அலமாரியைத் தூக்கி லோரியில் நிறுத்தினார்கள். கயிறு சுற்றும்போது நான் கிட்டே போனேன்.

"அண்ணி, வலது கதவு வெடிச்சிருச்சி. நான்தான் வெடிக்க வச்சேன்."

"எது? நல்லாத்தான இருக்கு."

"தெரியாத மாதிரி பூசியிருக்கேன். ஈப்போ சூட்டுக்கு மறுபடியும் பொளந்துக்கும்."

அண்ணி என்னைப் பார்த்தார். "எப்ப ஆச்சி?"

"புதன்கெழம."

"நான் போன் பண்ணப்ப?"

"அதுக்கு முன்னாடி."

"அப்ப அந்தப் படம்?"

"இடது கதவ மட்டும் எடுத்தேன் அண்ணி."

கணவர் வானத்தைப் பார்த்தார். லோரிக்காரர், "அக்கா, கட்டவா வேணாமா? மழ வருது" என்றார்.

"ஒடஞ்சது கூட சரி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "படம் எடுத்து அனுப்புன பாரு." பிறகு லோரிக்காரரைப் பார்த்து, "அந்தக் கதவ கழட்டிக் கீழ எறக்கு" என்றார். என்னிடம், "ஒழுங்கா வந்தா சொல்லு. வரலன்னாலும் சொல்லு. பூசிக் குடுக்காத." டீ ஆறிப்போய்க் கிடந்தது. அலமாரி ஒரு கதவோடு மலை இறங்கிப் போனது.

அதன் பிறகு அண்ணி போன் செய்யவில்லை. நான் கதவைப் பிரித்தேன். பள்ளத்திலிருந்த பசையைச் சின்ன உளியால் சுரண்டி எடுக்கவே ஒன்பது நாள் ஆனது. புட்டியை எடுத்துவிட்டு, பிளவில் பசை விட்டு, இரண்டு பக்கமும் இறுக்கிப் பலகையை ஒன்றாக்கினேன். ஆனால் அதை இங்கே சட்டத்தில் மாட்டக் கூடாது என்று பட்டது. ஈப்போவில் அது எவ்வளவு சுருங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லப் போன் செய்ய மூன்று நாள் ஆனது. எண்ணை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

"பலகைய அங்க கொண்டாந்து போட்டு வைக்கணும் அண்ணி. ரெண்டு மூணு வாரம். அப்பறம்தான் மாட்டணும்."

"யாராச்சும் மிதிச்சா நான் பொறுப்பில்ல" என்றார் அண்ணி. "நீயே வந்து பாத்துக்க."

மூன்று வாரம் லீவு எடுத்துக்கொண்டு, கதவுச் சட்டத்தின் கட்டைகளைக் கயிற்றால் கட்டி, பலகையைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் போனேன். அண்ணியின் கட்டிலுக்கு அடியில் இரண்டு குச்சி வைத்து அதன் மேல் பலகையைப் படுக்க வைத்தோம். அலமாரியின் வலது பாதிக்கு அண்ணி ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அங்கேயே தங்கி, தினமும் காலையில் நான் பலகையின் அகலத்தை ஒரு நூலால் அளந்து பார்ப்பேன். அண்ணி அடுப்படியிலிருந்தே கேட்பார்.

"சுருங்கிருச்சா?"

"ஒரு அரிசி அளவு."

"வெடிச்சிதா?"

"இல்லங்க அண்ணி."

இந்த நான்கு வரிதான் ஒரு நாளைக்கு எங்கள் பேச்சு. விசிறி சுற்றும் சத்தத்தில் எது லேசாக முறிந்தாலும் நான் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். பதினாறாவது நாளும் பதினேழாவது நாளும் நூல் அதே அளவில் நின்றது. அன்றைக்கு அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பலகையை இழுத்து, ஒட்டிய இடத்தில் நகத்தை ஓட்டினார்.

"கோடு தெரியுதே."

"தெரியும் அண்ணி. மறைக்கல."

"ம்" என்றார். பலகையைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "நாளைக்கி மாட்டு. நான் வேலைக்கிப் போகல, கூட நிக்கிறேன்."

கதவைப் பிடிக்க நிற்கிறாரா, என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஸ்குரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு, எண்ணெய் விட்டு எடுத்து வைத்தேன்.