நெஞ்சில் வைத்த செருப்பு

நாய்ப்பீயை வேண்டுமென்றே மிதித்தவன் நான். இருட்டில் கால் தவறியது என்று சொன்னது பச்சைப் பொய். தேடிப்போய், குறிபார்த்து மிதித்தேன்!

நீங்கள் சிரிக்கலாம். பாரிஸில் எங்கள் சனம் கூடும் லா சப்பலில் என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் யார்? என் வழுக்கையை, தொந்தியை, ஓட்டைப் பிரெஞ்சை நானே கேலிசெய்து சபைகளைக் குலுங்க வைத்தவன். அந்த உரிமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்...

நேசன் அதைப் பறித்தான். எங்கள் நாடகக் குழுவில் என்னைவிட இளையவன். ஒரு கல்யாண வீட்டில் ஒலிவாங்கியைப் பிடித்து, மெற்றோவில் ரிக்கெற் பரிசோதகரிடம் நான் பிரெஞ்சில் கெஞ்சியதை அப்படியே நடித்துக் காட்டினான். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் என் மகள்.

இரு நேசா... உன் மகள் பார்க்க உன்னை நாறவைக்கிறேன்!

ஆண்டு விழா நாடகத்தை எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஜப்பானியத் தளபதி ஹிதெயோஷியின் கதையை எடுத்தேன். குடியானவன் வீட்டில் பிறந்தவன். பிரபுவுக்குச் செருப்புத் தூக்கியவன். பிரபு "குரங்கே" என்றபோதெல்லாம் பல்லைக் காட்டியவன். கடைசியில் நாட்டையே ஆண்டவன். பனிக்காலத்தில் எசமானின் செருப்பை நெஞ்சுக்குள் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தானாம். ஏற்றம் அங்கேதான் தொடங்கியதாம். அவன் ஏறிய கதை எனக்கெதற்கு? குனிந்த காட்சியோடு முடித்தேன். பிரபு நான். குரங்கு நேசன்.

மேடையேறுமுன், பிரபு வேடத்து வைக்கோல் செருப்போடு மண்டபத்தின் பின்வாசலால் நழுவினேன். பாரிஸ் நடைபாதை என்னைக் கைவிடவில்லை!

மேடையில் நேசன் செருப்பை எடுத்தான். மூக்கு ஒருகணம் சுருங்கியது. முன்வரிசையில் அவன் மகள். எறிவான், ஓங்காளிப்பான், சபை சிரிக்கும்... காத்திருந்தேன். அவனோ அங்கியை விலக்கி, வெறும் நெஞ்சோடு அதை இறுக அணைத்தான். கண் கலங்கியது. சபை எழுந்து நின்று கைதட்டியது.

திரைக்குப் பின்னால் என் காதருகே வந்தான்.

"அண்ணை, எங்கையோ மிதிச்சுப்போட்டியள். நான் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. தெரிஞ்சா உங்களை வைச்சுச் சிரிப்பாங்கள்."

"ஓம்... இருட்டில தெரியேல்லை."

வெட்கப்பட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? எரிந்தேன்! என் பழியைக்கூடத் தனக்குக் கைதட்டலாக்கிக்கொண்டானே!

இந்த ஆண்டு சனம் மிச்சக் கதையைக் கேட்கிறது. செருப்புத் தூக்கியவன் நாடாளும் கதை.

"இந்தமுறை நான்தான் பெரியவர். என்ரை செருப்பைத் தூக்கப்போறது நீங்கள்," என்று முதுகில் தட்டினான் நேசன். "பயப்பிடாதேங்கோ அண்ணை, கழுவிப்போட்டுத்தான் தருவன்."

அவனுக்குத் தெரியுமா? கேட்கத் துணிவில்லை. தெரியாமலே சொல்லியிருந்தால்... அது இன்னும் கொடுமை.

இன்று ஒத்திகைக்குப் போகும் வழியில், ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு கொழுத்த நாய் குந்தியது. என் கால் தானாகவே மெதுவாகிறது...