கூலிச்சீட்டு இல்லாத கூரை

மருதம்மாளுக்குக் கோபம் வந்தால் மலாயாவின் குருண் கடைத்தெருவே ஒதுங்கி நிற்கும். ஜப்பான்காரன் காலத்தில் ஒருமுறை வந்த கோபத்தில் முழு நியாயம் இருந்தது. கேட்கத்தான் நாதியில்லை.

சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, மாடு வைத்துப் பால் ஊற்றி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய பலகை வீடுகள் நாலு. ஒன்றில் அவள் இருந்தாள். மற்றவற்றை வாடகைக்கு விட்டிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஆணி அடிப்பதிலிருந்து சாக்கடை தோண்டுவது வரை எல்லாம் அவளேதான். கடையில் ஆணி கிடைக்காத காலம். பழைய பெட்டிகளில் பிடுங்கிய துருப்பிடித்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொள்வாள்.

கடைசி வீட்டில் காளியம்மா குடியிருந்தாள். அவள் புருஷனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கைக்குழந்தையோடு நின்றவளிடம் வாடகை கேட்க மருதம்மாளுக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டுக் கூரை வேறு ஒழுகியது. இருவரும் சதுப்பில் ஓலை வெட்டினார்கள். காளியம்மா அதை அத்தாப்புக் கீற்றுகளாக முடைந்தாள். மருதம்மாளே ஏறி வேய்ந்தாள். இறங்கியதும் இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

அந்தப் புதுக் கூரை வரி ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கனகசுந்தரத்தின் கண்ணை உறுத்தியது. வீட்டின் மதிப்பு கூடிவிட்டதாம், வரியும் இரட்டிப்பாம். கட்டாவிட்டால் நாலு வீடும் ஏலத்துக்குப் போகுமாம். மருதம்மாள் நேரே ஆபீசுக்கே போய்விட்டாள்.

"ஒழுகினதை அடைச்சேன் ஐயா. மாளிகையா கட்டிப்புட்டேன்?"

"செலவைக் கழிக்கலாம் அம்மா. கூலிச்சீட்டைக் கொண்டு வாங்கோ."

"நானே ஏறி வேஞ்சேன். எனக்கு நானே சீட்டு எழுதிக்கணுமா?"

"சொந்த வேலையைச் செலவெண்டு காட்டேலாது."

"காளியம்மா முடைஞ்சது? வாடகைக்குப் பதிலாத்தானே அவ அதைச் செஞ்சா."

கனகசுந்தரம் பேனாவை எடுத்தார். "அப்பிடியெண்டால் அது உங்களுக்கு வந்த வாடகை. அதுக்கும் வரி இருக்கு."

அடப்பாவி! இவள் உழைத்தால் செலவில்லையாம், காளியம்மா உழைத்தால் மட்டும் வரவாம். எந்த ஊர் நியாயம் இது? கிராணிக்கு மேலே இருப்பவனிடம் பயம், இருக்கட்டும். அதற்காக இல்லாதவள் வயிற்றிலா அடிப்பது? மருதம்மாளுக்கு நாக்கு வரை வந்த வசவை விழுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"கூரையே இல்லாத வீட்டுக்கு என்னய்யா வரி?"

"குடியிருக்கேலாத வீட்டுக்கு வரி இல்லை. மற்ற வீடுகளுக்குப் பழைய வரிதான்" என்றார் அவர், தலை நிமிராமல். "நாளைக்கு வந்து பாக்கிறன்."

மறுநாள் அவர் வந்தபோது காளியம்மாவின் சட்டி பானைகள் மருதம்மாளின் வீட்டுக்குள் இருந்தன. குழந்தை அங்கே பாயில் கிடந்து அழுதது. மருதம்மாள் கடைசி வீட்டின் மேல் உட்கார்ந்து, தன் கையால் வேய்ந்த அத்தாப்பைத் தன் கையாலேயே பிய்த்துக்கொண்டிருந்தாள். கீழே காளியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

கடைசி அத்தாப்பு கிராணியின் காலடியில் வந்து விழுந்தது.

"பிரிக்கிறதையும் நானேதான் செய்யிறேன். இதுக்கும் கூலிச்சீட்டு இல்லே. நல்லா எழுதிக்குங்க ஐயா!"