தாரை வார்க்கும் வரை

மலக்குடலில் இருந்த புற்றுநோயை வெட்டி எடுத்து, மலம் சேர வயிற்றில் மாட்டியிருந்த பையையும் கழற்றிய பிறகு, எனக்குக் குணமாகிவிட்டது என்றார்கள். குணமானதெல்லாம் சரிதான். கழிப்பறையை விட்டு வெளியே வரத்தான் முடியவில்லை. போய்விட்டு வந்து வேட்டியைச் சரிசெய்வதற்குள் மறுபடி முட்டும். தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரை எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு என்பது எனக்கு அத்துப்படி.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. படப்பையில் மண்டபம். மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நான்தான் தாரை வார்க்க வேண்டும். நடுவில் எழுந்து ஓடும்படி ஆனால்? இதே நினைப்பு என்னை அரித்துக்கொண்டிருந்தது. "உங்க அண்ணனை உக்காரச் சொல்லலாமா?" என்று மனைவி கேட்டாள். "நான் என்ன செத்தா போய்ட்டேன்?" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் கழிப்பறைக்கு ஓடினேன்.

என் கைவசம் இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. வெளியே கிளம்பும் நாளில் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. அக்கம்பக்கத்தில் விரதம் என்று மெச்சினார்கள். நானும் மறுக்கவில்லை.

மகள் சும்மா விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய் நர்ஸ் முன்னால் உட்காரவைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"காலி வயித்துல கேஸ்தான் சார் சேரும்," என்றார் நர்ஸ். "கொஞ்சம் கொஞ்சமா, நேரத்துக்குச் சாப்பிடுங்க. டாக்டர் எழுதின மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்க. முட்டினதும் ஓடாதீங்க. ஓடினா இன்னும் அவசரப்படுத்தும். அசையாம உக்காந்து கீழ இறுக்கிப் புடிங்க. அடங்கினப்புறம் மெதுவா நடந்து போங்க."

சொல்வது சுலபம். பல நாள் ஓடத்தான் செய்தேன். சில நாள் தோற்று, லுங்கியை நானே அலசிப் போட்டேன். காபியும் காரக்குழம்பும் எனக்கு எமன் என்று தெரிந்துகொண்டேன். தயிர்சாதம் காப்பாற்றியது. டிவி முன்னால் உட்கார்ந்து இறுக்கி இறுக்கி விடுவேன். "ஏன் இப்படி முழிக்கிறீங்க?" என்பாள் மனைவி.

கல்யாணத்தன்று என் அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "பொண்ணைப் பெத்தவங்க தாரை வார்க்கறவரைக்கும் சாப்பிடக் கூடாதுடா." விட்டொழித்த பட்டினி சம்பிரதாயமாகத் திரும்பி வந்து நின்றது. மண்டபத்து அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். கூறைப்புடவைக்கு மாறும் முன் மகள் இட்லித் தட்டோடு வந்தாள்.

"மாத்திரை போட்டீங்களாப்பா? சாப்பிடுங்க."

அக்கா வாயைத் திறந்தாள்.

"அத்தை, எனக்கு அப்பாதான் மணையில இருக்கணும்."

அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே காவல் நின்றாள்.

மணையில் ஐயர் என் கையில் தேங்காயை வைத்த நேரம் பார்த்து முட்டியது. வியர்த்துக் கொட்டியது. கால் தானாக எழப் பார்த்தது. தேங்காயின் மேலிருந்த மகளின் கை நகர்ந்து என் விரலை அழுத்தியது.

"ஓடாதீங்கப்பா," என்றாள், குனிந்த தலை நிமிராமல். "அடங்கிடும்."

இறுக்கிப் பிடித்தேன். மனைவி செம்பிலிருந்து நீர் வார்த்தாள். அடங்கியது.

"பாவம், பொண்ணைப் பிரியறார், எப்படிக் கலங்கறார் பாருங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதுவரை நான் கலங்கியது வேறு விஷயத்துக்கு. சாயங்காலம் அவள் தன் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்கு முட்டும்போது ஓடாதே என்று சொல்ல அவள் இருக்கமாட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன்.